மூடி வைத்த வால்வு

மார்ச் 11, செவ்வாய்.

இரண்டாம் எண் ஹீட் பம்ப் நிறுத்தப்பட்டது. ஃபில்டரை மாற்ற வேண்டும் என்பதால், அது இருக்கும் குழாய்த் துண்டின் இரண்டு பக்க வால்வுகளையும் மாமா மூடினார். நடுவில் அடைபட்ட வாயுவை வெளியேற்றும் வேலை எனக்கு. ஒரு சிறு தவறு: வெளியேற்றும் வால்வை மெதுவாகத் திறக்கச் சொல்லியிருந்தார். நான் ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். ஹோஸ் துள்ளியது. அழுத்தம் காட்டும் கேஜ் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. அதன் பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். வால்வை மூடினேன். ஹோஸைச் சுருட்டினேன். கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். ஃபில்டர் மேல் பூத்திருந்த வெண்பனியைத் துணியால் துடைத்தேன். மாமாவிடம் "காலி" என்று சொன்னேன். இனி எந்த வால்வையும் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது.

எழுதி முடித்ததை ஒரு முறை படித்துப் பார்த்து, 'துள்ளியது' என்பதை அடித்துவிட்டு 'அசைந்தது' என்று போடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். குளிர்பதனப் படிப்பின் மாலை வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. ஒவ்வொரு நாளும் செய்த வேலையை எழுத வேண்டும், அதில் ஒரு தவறையாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஆசிரியரின் கட்டளை. வகுப்பில் மற்றவர்களுக்கு அது வேப்பங்காய். தவறு கிடைக்காமல் பக்கத்தில் இருப்பவனுடையதைப் பார்த்து எழுதுகிறவர்களும் உண்டு. அவளுக்கு எதை விடுவது என்பதுதான் கஷ்டம்.

பால் ஆலையில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். வைத்தவர் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்பார். ஆலையின் கீழ்த்தளத்தில் இருக்கும் இரண்டு ஹீட் பம்புகளுக்கும் அவர்தான் மெக்கானிக். அவள் உதவியாள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை.

ஒரு பக்கத்துத் தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சி இன்னொரு பக்கத்துத் தண்ணீரில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அந்த மெஷின்களின் வேலை. சூட்டைப் பறிகொடுத்த தண்ணீர் பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்து, வந்து இறங்கும் பாலைக் குளிர வைக்கப் போகும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் ஆவி பறக்கத் தொட்டிகளைக் கழுவப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஓடி ஓடிச் சூட்டைச் சுமப்பது கரியமில வாயு.

"எங்க மாமியார் மாதிரி," என்பார் மாமா, மெஷினைத் தட்டிக்கொடுத்து. "ஒரு பக்கம் கொதிப்பாங்க, ஒரு பக்கம் உறைஞ்சு போவாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல."

"எங்க அம்மாவைச் சொல்றீங்க. அக்காகிட்ட போட்டுக்குடுக்கவா?"

"குடேன். இன்னைக்குச் சோறு கிடைக்காது, அவ்வளவுதானே? கேன்டீன்ல பாத்துக்கறேன்."

வாயில் இப்படி விளையாட்டு. ஆனால் குழாயைப் பிரிக்கிற வேலை என்றால் ஆளே மாறிவிடுவார். நாம் மூச்சில் வெளியே விடுகிற அதே வாயுதான், சோடாவில் பொங்குகிற அதே வாயுதான். ஆனால் இந்தக் குழாய்களுக்குள் அதைப் பூதத்தைக் குடத்தில் அடைப்பதுபோல் அடைத்து வைத்திருக்கிறார்கள். லாரி டயருக்குள் இருக்கும் காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம். தவறி வெளியே வந்தால் காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாது. கீழ்த்தளத்தின் தரையில் தண்ணீர்போல் தேங்கும். வாசனை கிடையாது. குனிந்து வேலை செய்கிறவன் குனிந்தபடியே சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்கப் போகிறவன் அவன்மேல் சாய்வான். அதனால் ஆலையில் ஒரு கண்டிப்பான வழக்கம்: குழாயைப் பிரிக்கக் கீழே யாரும் தனியாக இறங்கக் கூடாது. ஃபில்டரை நாளைக் காலையில் இருவரும் சேர்ந்து மாற்றுவதாகத்தான் ஏற்பாடு.

ஆசிரியர் வந்தார். கூடவே, கைகளில் தெர்மாகோல் பெட்டியை ஏந்திக்கொண்டு, ஐஸ்கிரீம் கம்பெனியில் வேலை பார்க்கும் மாணவர் வந்தார். வகுப்பிலேயே வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர்.

"இன்னைக்குப் பாடம் நான் எடுக்கல, இவரோட பெட்டி எடுக்கும்," என்றார் ஆசிரியர்.

பெட்டியைத் திறந்ததும் வெள்ளைப் புகை விளிம்பில் வழிந்து, மேசையைக் கடந்து, தரைக்கு இறங்கியது. உள்ளே சாக்பீஸ் துண்டுகள் மாதிரி உலர் பனிக்கட்டி, அதாவது உறைய வைத்த கரியமில வாயு. ஐஸ்கிரீம்காரர் இடுக்கியால் சில துண்டுகளை எடுத்து ஒரு ரப்பர் கையுறைக்குள் போட்டு, மணிக்கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். கையுறை மேசைமேல் சுருங்கிக் கிடந்தது.

"இது யாரு கை தெரியுதா?" என்றார். "எங்க மேனேஜர் கை. லீவு கேட்டா இப்படித்தான் சுருண்டு கிடக்கும். கையெழுத்தே போடாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆசிரியர் பேச ஆரம்பித்தார். "குழாய்க்குள்ள கரியமில வாயு பாதி திரவமா இருக்கும். மெதுவா வெளிய விட்டா ஒழுங்கா வந்துடும். அவசரமாத் திறந்து விட்டா, அது வெளிய பாயற வேகத்துல தன்னையே குளிர வச்சுக்கும். அப்ப உள்ளயே இந்த மாதிரி பனியா உறைஞ்சிடும். அந்தப் பனியே போய்க் குழாயை அடைச்சிக்கும். கேஜ் என்ன காட்டும்?"

எல்லோரும் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பூஜ்யம் காட்டும். கேஜ் பொய் சொல்லாது. அது அடைப்புக்கு இந்தப் பக்கம் நிக்குது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மேசையில் கையுறையின் சுண்டுவிரல் எழுந்தது.

யாரும் தொடவில்லை. தூங்குகிறவன் விழித்துக்கொள்வதுபோல், அது தானாக மெல்ல நிமிர்ந்தது. அடுத்து மோதிர விரல். உள்ளங்கை உப்பியது. அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"வால்வைத் திறந்தே வச்சிருந்தா கவலை இல்ல. பனி ஆவியாகித் தானாப் போயிடும். ஆனா நல்ல பிள்ளையா நெனச்சிக்கிட்டு யாராவது வால்வை மூடிட்டா..."

நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாக எழுந்தன. கடைசியில் கட்டைவிரல். மேசைமேல் ஒரு முழுக் கை, 'நில்' என்பதுபோல் விறைத்து நின்றது. ரப்பர் மெலிந்து கண்ணாடிபோல் ஆனது. பிறகு வெடித்தது. பின் வரிசையில் ஒருவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மறுபடியும் சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை. ஃபில்டர் மேல் பூத்திருந்த வெண்பனி அவள் கண்முன் நின்றது. அதைத் துடைத்தாள், மறுபடியும் பூத்தது. துணிதான் ஈரம் போலிருக்கிறது என்று நினைத்து, வேறு துணி எடுத்துத் துடைத்தாள். காலியான இரும்பு எதற்காக அப்படிக் குளிர்ந்துகொண்டே இருக்க வேண்டும்? இந்தக் கேள்வி அப்போது ஏன் தோன்றவில்லை? பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவளுக்கு, சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் சந்தேகம் வரவில்லை.

ஆனாலும் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். நாளைக்குத்தானே பிரிக்கப் போகிறோம். வீட்டுக்குப் போய் மாமாவிடம் சொல்லிவிடலாம். திட்டுவார், திட்டட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று மேசைக்கு அடியில் போனை எடுத்துப் பார்த்தாள்.

மாமாவிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. 'ஒரு மெஷின் தாங்கல. தண்ணி சூடாவுது. பால் லாரி ரெண்டு வந்து நிக்குது. ஃபில்டரை இன்னைக்கே மாத்திடறேன். நீ பாடத்தைக் கவனி.'

நோட்டை வாரிக்கொண்டு அவள் எழுந்த வேகத்தில் பேனா உருண்டு விழுந்தது. ஆசிரியர் ஏதோ கேட்டார். அது காதில் விழவில்லை.

தாழ்வாரத்தில் நின்று மாமாவுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. கீழ்த்தளத்தில் சிக்னல் எட்டாது; எட்டாது என்றால் அவர் கீழேதான் இருக்கிறார். மறுபடியும் போட்டாள். அதே குரல், அதே மரியாதையோடு, அதையே சொன்னது. படிகளில் இறங்கி ஓடிக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டாள். அக்காவுக்கும் அதே ஆலையில்தான் வேலை. மேல்தளத்தில் பால் பரிசோதனை அறை. இந்த வாரம் மாலை ஷிஃப்ட்.

"என்னடி, வகுப்புல உக்காந்துகிட்டு எனக்குப் போனு? உங்க சார் உன்னைக் கண்டுக்கறதே இல்லையா?"

"அக்கா, மாமா எங்கே?"

"வேற எங்கே இருப்பாரு? அவரோட சின்ன வீட்டுலதான். அதான் அந்த மெஷின் ரூம்ல. ஏன்?"

"கூட யாராவது இருக்காங்களா?"

"லாரிக்கே ஆள் பத்தல. கூட யாரு இருப்பாங்க? நீ ஏன் இப்படி மூச்சு வாங்கற?"

தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி ஏறி, ஆலையின் பெயரைச் சொல்லிவிட்டு, அவள் அக்காவிடம் எல்லாவற்றையும் கோர்வையாகச் சொல்ல முயன்றாள். கோர்வை வரவில்லை. குழாய் காலி இல்லை, காலி என்று நான்தான் சொன்னேன், அவர் நட்டைக் கழற்றினால் முகத்துக்கு நேரே வெடிக்கும். இவ்வளவுதான் வந்தது.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, வேகமாக. பிறகு கதவு. பிறகு மெஷினின் இரைச்சல். அக்கா கீழ்த்தளப் படிக்கட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. ஒருவேளை ஏற்கெனவே வெடித்திருந்தால்? வாயு தரையில் தேங்கிக் கிடந்தால்? அவரைக் காப்பாற்றச் சொல்லி அக்காவை நேராக அதற்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

"அக்கா! படியில கால வைக்காதே! அங்கேயே நில்லு!"

"உள்ள இருக்கறது என் புருஷன்டி!"

"நீயும் விழுந்துடுவே. வாசனையே வராது அக்கா, உனக்குத் தெரியவே தெரியாது. மேலயே நின்னு கத்து!"

அக்கா கத்தினாள். போனை விட்டுத் தள்ளிவைத்துத்தான் கத்தியிருப்பாள்; இருந்தாலும் காது அடைத்தது. ஓடிக்கொண்டிருந்த முதல் மெஷின் அந்தக் குரலை அப்படியே விழுங்கியது. "கேக்கல. எதுவும் கேக்கல. நான் இறங்கறேன்."

"அபாயச் சங்கு அடிக்குதா? வாசல்ல சிவப்பு விளக்கு எரியுதா?"

"இல்ல. பச்சைதான் எரியுது."

பச்சை. வாயு கசிந்தால் தானாகச் சிவப்பாகும் விளக்கு அது; அப்படியானால் இன்னும் வெடிக்கவில்லை. ஆனால் பச்சை என்பது இந்த நொடிக்கு மட்டும்தான். அக்கா படியிறங்கி அவர் பக்கத்தில் போய் நிற்கிற நொடிக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. ஆட்டோ சிக்னலில் நின்றது. முன்னால் ஒரு பேருந்து, அதன் முன்னால் இன்னொரு பேருந்து. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படிக்கட்டின் உச்சியில் என்ன இருக்கிறது? ஸ்விட்ச் போர்டு.

"அக்கா, உன் வலது கைப் பக்கம் சுவத்துல ஸ்விட்ச் போர்டு இருக்கும். அதுல 'விளக்கு'ன்னு எழுதி ஒட்டியிருக்கும். அதை அணைச்சிடு. இருட்டுல வேலை செய்ய முடியாம அவரே மேல ஏறி வந்துடுவாரு."

"இரு... ரெண்டு இருக்கு. 'விளக்கு', 'ஃபேன்'. ரெண்டும் உன் கையெழுத்துதான்."

போன வாரம் அந்தச் சீட்டுகளை ஒட்டியவள் அவள்தான். ஃபேன் என்பது தரையோரமாகக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற எக்ஸாஸ்ட் ஃபேன். ஏதாவது கசிந்தால் அவரைக் காப்பாற்றப் போவது அது ஒன்றுதான். சீட்டுகளை மாற்றி ஒட்டியிருந்தால்? ஒட்டியபின் போட்டுப் பார்த்தோமா? பார்த்ததுபோல்தான் இருந்தது. ஆனால் காலையில் காலி என்பதும் உறுதியாகத்தான் இருந்தது.

"எதைடி அணைக்கறது? சொல்லு!"

"விளக்கு. விளக்குன்னு எழுதியிருக்கறதை."

ஒரு 'டக்'.

"கீழ இருட்டாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. கும்மிருட்டு."

அவள் மூச்சை விட்டாள். ஆட்டோ நகர்ந்தது. இப்போது படியில் காலடிச் சத்தம் கேட்க வேண்டும், ஒரு வசவு கேட்க வேண்டும். அதற்காகப் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். மெஷின் இரைந்தது. அக்காவின் மூச்சு வந்து வந்து போயிற்று. காலடிச் சத்தம் இல்லை.

"வரலையே," என்றாள் அக்கா. அந்தக் குரலில் இருந்த பயத்தை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. சின்ன வயதில் மின்சாரம் போனால் இவளைக் கட்டிக்கொண்டு கதை சொன்னவள் அந்த அக்கா. "இருட்டாயிடுச்சே, ஏன் வரலை? விழுந்துட்டாரா? நீ சொன்ன மாதிரி விழுந்துட்டாரா?"

"பச்சைதானே எரியுது?"

"பச்சைதான். ஆனா..." அக்கா நிறுத்தினாள். "வெளிச்சம் தெரியுது. கீழ சின்னதா ஒரு வெளிச்சம் அசையுது."

போன் வெளிச்சம். மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து, போனின் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். வாயில் போனைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்பானரைப் பிடித்து, முகத்தை ஃபில்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குனிந்திருப்பார். அவர் இருட்டுக்கெல்லாம் அடங்குகிற ஆள் இல்லை. அவளுடைய யோசனை அவரை இன்னும் நெருக்கமாக அந்தக் குழாய்க்குக் கொண்டுபோய்விட்டது.

"அக்கா, ஸ்விட்சைப் போட்டு அணை, போட்டு அணை. விடாம. யாரோ விளையாடறாங்கன்னு அவருக்குக் கோபம் வரணும்."

டக், டக், டக், டக். அக்கா எதையோ முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். "வாங்க, வாங்க, ஏறி வாங்க, திட்டவாவது வாங்க." டக், டக். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி கேஸாம்மா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார்.

பிறகு, தூரத்தில், மெஷின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல். "எவன்டா அவன் விளக்கோட விளையாடறது? வந்தேன்னா கையை முறிச்சிடுவேன்!"

படியில் காலடி. ஸ்பானர் கைப்பிடிக் கம்பியில் இடிக்கும் சத்தம். "ஏய், நீயா? உனக்கென்ன இங்க வேலை? ஏன் அழற? யாருக்கு என்ன ஆச்சு? அடிக்காத, ஏய், அடிக்காதடி, எல்லாரும் பாக்கறாங்க..."

அவள் போனை மடியில் வைத்துவிட்டு, ஆட்டோவின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மாமா படிக்கட்டின் மேல் படியில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் சட்டையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மாமாவின் முகத்தில் பாதிச் சிரிப்பு.

"வாம்மா சந்தேகம். நீதானே காலின்னு சொன்னே? இப்ப நீயே இல்லைங்கறே. நான் எந்தச் சந்தேகத்தை நம்பறது?"

"எத்தனை நட்டு கழட்டினீங்க?"

"ஒண்ணு வந்துடுச்சு. ரெண்டாவது இறுகிப்போய் அசையவே இல்ல. நீளக் குழாய் ஒண்ணைச் சொருகி நெம்பலாம்னு தேடிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள உங்கக்கா டிஸ்கோ லைட் போட்டுட்டா."

நான்கில் ஒன்று போய்விட்டது. மூன்று நட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று துருவேறி முரண்டு பிடித்ததால் அக்காவின் கையில் இன்னும் ஒரு சட்டை நுனி இருக்கிறது. அவள் பெட்டியிலிருந்து கேஜையும் ஹோஸையும் எடுத்தாள்.

"குடு, நான் போறேன்," என்றார் மாமா.

"வால்வை மூடினது நான்."

"ரெண்டு பேரும் போங்க," என்றாள் அக்கா. "தனியாப் போகக் கூடாதுன்னு சட்டம் பேசறவங்கதானே? நான் இங்கே நிப்பேன். பச்சை மாறினா கத்த மாட்டேன், விளக்கைத்தான் அடிப்பேன். ஓடி வந்துடணும்."

இறங்கினார்கள். கீழே எக்ஸாஸ்ட் ஃபேனின் காற்று கணுக்காலைத் தொட்டுக்கொண்டு போயிற்று. ஃபில்டர் சாதுவாக இருந்தது. இப்போது அதன்மேல் பனி இல்லை. வியர்த்ததுபோல் ஈரம் மட்டும். கழற்றிய நட்டு பக்கத்தில் ஒரு துணியின்மேல் பத்திரமாக இருந்தது. முதலில் மாமா அந்த நட்டைத் திரும்பப் போட்டு முறுக்கினார். முறுக்கும்போது அவர் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டதை அவள் பார்த்தாள். விளையாட்டுப் பேச்சு மேல் படியோடு நின்றுவிட்டிருந்தது.

அவள் ஹோஸின் ஒரு முனையைக் கூரையோரமாக இருந்த ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். அந்த முனைக்கு முன்னால் இருந்த சிறு வால்வை மூடினாள். மறு முனையைக் குழாயில் பொருத்தினாள். மரை சேரவில்லை. எடுத்து மறுபடியும் பொருத்தினாள். சேர்ந்தது. கேஜின் முள் பூஜ்யத்தில் இருந்தது.

"பாத்தியா," என்றார் மாமா மெதுவாக. "பூஜ்யம்."

"இன்னும் வால்வைத் திறக்கலை மாமா."

குழாயின் வெளியேற்றும் வால்வின்மேல் கையை வைத்தாள். காலையில் இதைத்தான் ஒரேயடியாகத் திறந்து, பிறகு ஒழுங்காக மூடினாள். குழாய்க்குள் தூசு போய்விடுமே என்று மூடினாள். வீட்டில் யாரும் மூடாமல் விட்ட குழாயைத் தேடித் தேடி மூடுகிற அதே கை. இப்போது அதைத் துளி, ஒரு மயிரிழை, திருப்பினாள்.

ஒன்றும் ஆகவில்லை. மாமா மூச்சுவிடப் போனார்.

முள் துள்ளியது. பத்து, இருபது என்று நின்று நிதானித்துப் போகவில்லை. அடிபட்டதுபோல் ஒரே தாவலில் ஐம்பதைத் தாண்டி நின்று நடுங்கியது. சுருண்டிருந்த ஹோஸ் விறைத்துத் தரையை விட்டு எழும்பியது, கையுறையின் விரல் மாதிரி.

மாமா முள்ளைப் பார்த்தார். பிறகு இறுகிப்போன இரண்டாவது நட்டைப் பார்த்தார். பிறகு, சற்றுமுன் தன் முகம் இருந்த இடத்தை, அங்கே இன்னும் ஒரு முகம் இருப்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் உதட்டின் நிறம் போயிருந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா விடு," என்றார் கடைசியில். "அவசரமே இல்ல. பால் திரிஞ்சாத் திரியட்டும்."

ஹோஸின் சிறு வால்வைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். ஜன்னலுக்கு வெளியே வாயு சீறியது. முள் வேகமாக இறங்கியபோதெல்லாம் நிறுத்தி, குழாய் சூடு பிடிக்கும்வரை பொறுத்து, மறுபடியும் விட்டாள். சீறல் ஒவ்வொரு முறை தணியும்போதும் இதோ முடிந்தது என்று தோன்றும். ஆனால் வால்வைத் தொட்டால் மறுபடியும் உள்ளே ஏதோ புரளும். இவ்வளவு பெரிய மூச்சு அந்தச் சின்ன ஃபில்டர் உருளைக்குள் நாள் முழுவதும் அடங்கி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் நின்று அவள் துணியை மாற்றி மாற்றித் துடைத்திருக்கிறாள். மேலே அக்கா அவ்வப்போது குரல் கொடுத்தாள். மாமா பதில் சொன்னார். அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முள் உண்மையிலேயே பூஜ்யத்துக்கு வந்தபிறகும் அவள் நம்பவில்லை. மாமாவும் நம்பவில்லை. ஃபில்டரை வெறுங்கையால் தொட்டு, குளிர் இல்லை என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். பிறகு அவர் வால்வைக் காட்டினார்.

"இதை?"

"திறந்தே இருக்கட்டும் மாமா. கேஜும் இருக்கட்டும்."

அவர் தலையசைத்தார். ஃபில்டரில் கை வைக்கவில்லை. அன்றைக்கு இரண்டாவது லாரியின் பாலை வேறு ஆலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மேனேஜர் போனில் கத்துவது மாமா காதிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது. மாமா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். தன்மேல்தான் தவறு, தனியாக இறங்கியது தான்தான் என்றார். அவள் பெயரைச் சொல்லவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது அக்கா மூன்று பேருக்கும் பரிமாறினாள். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அக்கா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

"உன் மேல எனக்குக் கோபம் இல்ல," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "ஆனா நாளைக்கு அதைப் பிரிக்கணும். அந்த நட்டுல கை வைக்க எனக்குப் பயமா இருக்கு. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. பல் தேய்க்கப் போனபோது சமையலறைக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மூடக் கையை நீட்டியவள், நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு அதை மூடினாள். அது வெறும் தண்ணீர்.

நோட்டை எடுத்து, மாலையில் எழுதியதற்குக் கீழே எழுதினாள்.

தவறு, திருத்தி எழுதுவது: வேகமாகத் திறந்தது முதல் பாதி. மூடியது மறு பாதி. ஃபில்டரில் பனி திரும்பத் திரும்பப் பூத்ததைப் பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை.

நாளை: காலை முதல் வேலை, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக் காற்று வருகிறதா என்று கையால் பார்ப்பது. கேஜ் பூஜ்யம், வால்வு திறந்திருக்கிறது, ஃபில்டர் குளிரவில்லை, மூன்றையும் மாமாவோடு சேர்ந்து பார்ப்பது. இறுகிய நட்டுக்கு எண்ணெய் விடுவது. நட்டுகளை நான் கழற்றுகிறேன். மாமா கேஜைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.